ரைபிள் குழல் மாற்றம்

ரைபிள் குழல் மாற்றம் என்பது, தொடர்ந்து சுடுவதால் உட்புறம் தேய்ந்துபோன ரைபிள் துப்பாக்கியின் குழலைக் கழற்றி, அதன் இடத்தில் புதிய குழலைப் பொருத்தும் செயற்பாடாகும். பார்வைக்குத் திண்மையான எஃகுத் தண்டாகத் தோன்றினாலும், ரைபிளின் குழல் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வெடிப்புகளுக்குப் பின் பயனற்றுப் போகும் ஓர் உறுப்பே ஆகும். படைத்துறையில் இப்பணி ஆயுதப் பணிமனைகளில் செய்யப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்கா போன்ற சில நாடுகளில், இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கொண்டோர் பலர் இதனைத் தம் வீட்டுப் பணிமேசையிலேயே செய்யக் கற்றுக்கொள்கின்றனர்.

பழைய குழலைக் கழற்றுவதும் புதியதைத் திருகுவதும் இப்பணியின் எளிய பகுதிகள். தோட்டா அமர்வதற்கான இடைவெளியைச் சரியாக அமைப்பதே கடினமான பகுதியாகும். ஹெட்ஸ்பேஸ் எனப்படும் இவ்விடைவெளியில் அனுமதிக்கப்படும் வேறுபாடு ஏறத்தாழ ஓர் எழுதுதாளின் தடிமன் அளவே ஆகும். இதில் நேரும் பிழை, சுடுபவரின் முகத்திற்கு மிக அருகில் வெடிவாயு வெளிப்படக் காரணமாகலாம்.

குழலின் அமைப்பு

ரைபிள் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் பகுதி தோட்டா அறை எனப்படும். அதற்கு முன்னால், குண்டு சுருள் வரிப்பள்ளங்களுக்குள் நுழையும் சிறு பகுதி தொண்டை என அழைக்கப்படுகின்றது. தொண்டையிலிருந்து குழலின் வாய் வரை, உட்புறச் சுவரில் சுருள் வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். இவை குண்டைத் தன்னச்சில் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் காற்றில் நிலை குலையாமல் செல்கின்றது. இப்பள்ளங்களே ரைபிளை உட்துளை வழவழப்பான துப்பாக்கிகளிலிருந்து வேறுபடுத்துகின்றன.

குழலின் பின்முனை, ரிசீவர் எனப்படும் உடற்பகுதியில் பொதுவாக மரை கொண்டு பொருத்தப்பட்டிருக்கும். தோட்டா அறையின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் உறுப்பு போல்ட் எனப்படும். சுடும்போது உண்டாகும் பின்னோக்கிய விசை முழுவதையும் போல்ட்டின் பூட்டுப் பற்களே தாங்குகின்றன.

குழல்கள் பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் அல்லது துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்படுகின்றன. படைத்துறை ரைபிள்கள் பலவற்றில், தேய்மானத்தையும் துருவையும் குறைக்கும் பொருட்டு, உட்துளையில் கடினமான குரோமியப் பூச்சு இடப்படுகின்றது.

தேய்மானத்திற்கான காரணங்கள்

உலோகக் குண்டு உரசிச் செல்வதாலேயே குழல் தேய்கின்றது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் உரசலின் பங்கு சிறியதே. முதன்மையான காரணம் வெப்பமாகும். புகையற்ற வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயுவின் வெப்பநிலை 2,500 பாகை செல்சியசை ஒட்டியது. எஃகின் உருகுநிலையோ ஏறத்தாழ 1,450 பாகை மட்டுமே. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியே என்பதால் குழல் உருகிவிடுவதில்லை. ஆனால் உட்சுவரின் மிக மெல்லிய மேற்பரப்பு ஒவ்வொரு வெடிப்பிலும் கடுமையாகச் சூடேறி, உடனே குளிர்கின்றது. வாயுவிலுள்ள கரியும் நைட்ரசனும் எஃகின் மேற்பரப்பில் ஊடுருவி, அதனை நொறுங்கும் தன்மையுடையதாக மாற்றுகின்றன. இதனால் தொண்டைப் பகுதியில் வறண்ட குளத்தின் சேறு வெடித்ததைப் போன்ற நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. அடுத்தடுத்த வெடிப்புகளில் விரிசல்களின் விளிம்புகள் பெயர்ந்து அடித்துச் செல்லப்படுகின்றன.

வாயுவின் வெப்பமும் அழுத்தமும் தொண்டையில் மிகுதியாக உள்ளதால், தேய்மானமும் அங்கேயே தொடங்குகின்றது. வாய்ப்பகுதி நன்றாகவே இருந்தாலும் தொண்டை கெட்டுப்போன குழலின் துல்லியம் குறைந்துவிடும்.

வேறு காரணங்களும் உள்ளன. தூய்மை செய்யும் கம்பியை வாயின் வழியாகக் கவனமின்றிச் செலுத்துவதால் வாயின் விளிம்பு தேய்கின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை பரவலாகப் பயன்பட்ட எரியூட்டிகளில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு, கறியுப்பைப் போலவே ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்தது. அக்காலப் படைவீரர்கள் சுட்டு முடித்தபின் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியது இவ்வுப்பைக் கரைத்து அகற்றுவதற்காகவே ஆகும்.

ஆயுட்காலம்

குழலின் ஆயுள் ஆண்டுகளால் அன்றி, சுடப்பட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையால் அளக்கப்படுகின்றது. குண்டின் விட்டத்துடன் ஒப்பிடுகையில் வெடிமருந்து எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவாகக் குழல் தேயும். போட்டிகளுக்குத் தேவையான துல்லியத்துடன் .308 வின்செஸ்டர் வகைக் குழல் ஏறத்தாழ 5,000 தோட்டாக்கள் வரை உழைக்கும் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அதே தோட்டா உறையின் கழுத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்ட .243 வின்செஸ்டரில் இது ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ அமையும். குறைந்த அழுத்தமும் ஈயக் குண்டும் கொண்ட .22 லாங் ரைபிள் குழல்கள் பல பத்தாயிரம் தோட்டாக்களைத் தாங்குகின்றன. இடைவிடாமல் விரைந்து சுட்டால் எவ்வகைக் குழலின் ஆயுளும் குறையும்.

ஒரு தோட்டாவுக்கு ஒரு மில்லிவினாடி எனக் கணக்கிட்டால், 5,000 தோட்டாக்கள் சுட்ட குழல் தன் வாழ்நாளில் உண்மையாக வேலை செய்தது ஏறத்தாழ ஐந்து வினாடிகள் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

கரும்வெடிமருந்து பயன்பட்ட காலத்தில் குழல்களின் முதன்மையான சிக்கல் தேய்மானம் அன்று, கரிப்படிவே ஆகும். இதனைக் கருத்திற்கொண்டு வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர், கூர்விளிம்புகள் இல்லாத ஆழமற்ற ஏழு பள்ளங்களைக் கொண்ட உட்துளையை வடிவமைத்தார். 1888ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட லீ-மெட்ஃபோர்டு ரைபிளில் இவ்வமைப்பு பயன்பட்டது.

அதற்குள் புகையற்ற வெடிமருந்தின் காலம் தொடங்கிவிட்டது. பிரித்தானியா 1889இல் உருவாக்கிய கார்டைட் என்னும் வெடிமருந்தில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் இருந்தது. அதன் கடும் வெப்பத்தை மெட்ஃபோர்டின் ஆழமற்ற பள்ளங்களால் தாங்க இயலவில்லை. ஆதலால் 1895இல், ஆழமான ஐந்து சதுரப் பள்ளங்களைக் கொண்ட குழல் புகுத்தப்பட்டது. என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் உருவானமையால் அந்த ரைபிள் லீ-என்ஃபீல்டு என்ற பெயரைப் பெற்றது. ஒரு ரைபிளின் பெயர் மாறுவதற்கே குழல் தேய்மானம் காரணமாக அமைந்தது. பின்னர் நைட்ரோகிளிசரின் அளவு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட கார்டைட் எம்.டி. என்னும் வகை உருவாக்கப்பட்டதும் குழல்களைக் காப்பதற்காகவே ஆகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், அரவங்காடு என்னும் ஊரில் நிறுவப்பட்ட தொழிற்சாலை இவ்வெடிமருந்தின் பெயராலேயே கார்டைட் தொழிற்சாலை என அழைக்கப்படலாயிற்று.

தேய்மானத்தின் மிகக் கடுமையான எடுத்துக்காட்டு ரைபிள் அன்று, பீரங்கி ஆகும். 1918இல் செருமானியர் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிசு நகரைத் தாக்கிய பீரங்கியின் குழல், ஒவ்வொரு வெடிப்பிலும் கண்கூடாகத் தேய்ந்தது. அதனால் எறிகணைகள் சிறிது சிறிதாகக் கூடும் விட்டத்துடன் செய்யப்பட்டு, எண்ணிடப்பட்டு, அந்த வரிசைப்படியே சுடப்பட்டன.

இயந்திரத் துப்பாக்கிகளில் குழல் மாற்றம் போர்க்களத்திலேயே செய்ய வேண்டிய பணியாயிற்று. பிரென், எம்.ஜி. 42 ஆகியவற்றின் குழல்களைச் சில வினாடிகளில் மாற்ற இயலும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,200 தோட்டாக்களைச் சுடும் எம்.ஜி. 42க்கு மாற்றுக் குழல்களும் உடன் எடுத்துச் செல்லப்பட்டன.

தேய்மானத்தின் அறிகுறிகள்

குழல் தேய்ந்ததை முதலில் காட்டுவது இலக்குத்தாளாகும். முன்பு நெருக்கமாக விழுந்த குண்டுகள் சிதறி விழத் தொடங்கும். எனினும், குறிநோக்கி தளர்ந்திருத்தல், செம்புப் படிவு சேர்ந்திருத்தல், தோட்டாவின் வகை மாறுதல் ஆகியவற்றாலும் இவ்வாறு நேரலாம். ஆதலால் குழலை மாற்றும் முன் இக்காரணங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றன.

உட்துளையைக் காண போர்ஸ்கோப் எனப்படும் மெல்லிய நோக்குக்குழாய் பயன்படுகின்றது. எம்1 கராண்டு போன்ற படைத்துறை ரைபிள்களில், தொண்டையினுள் செருகப்படும் கூம்பு வடிவ அளவுகோல் எவ்வளவு ஆழம் செல்கின்றது என்பதைக் கொண்டு தேய்மானம் அளவிடப்படுகின்றது.

ஹெட்ஸ்பேஸ்

ஹெட்ஸ்பேஸ் என்பது, பூட்டிய போல்ட்டின் முகத்திற்கும், தோட்டா முன்னே நகராமல் தடுக்கும் இடத்திற்கும் இடையேயுள்ள தொலைவாகும். தடுக்கும் இடம் தோட்டாவின் வகைக்கு ஏற்ப மாறுபடும். .303 பிரிட்டிசு போன்ற விளிம்புள்ள தோட்டாக்களில் அடிப்பகுதி விளிம்பும், .308 வின்செஸ்டர் போன்ற விளிம்பற்ற தோட்டாக்களில் உறையின் தோள்பகுதியும், .45 ஏசிபி போன்ற நேருறைத் தோட்டாக்களில் உறையின் வாயும், .375 எச்&எச் போன்றவற்றில் அடியிலுள்ள பட்டையும் இப்பணியைச் செய்கின்றன.

இத்தொலைவு மிகக் குறைந்தால் போல்ட் பூட்டிக்கொள்ளாது. மிகக் கூடினால், சுடும்போது பித்தளை உறை பின்னோக்கி நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே கிழிகின்றது. தோட்டா உறையே வாயுவை அடைத்து நிற்கும் முத்திரையாகும். .308 வின்செஸ்டருக்கு ஐரோப்பியத் தரப்படி அனுமதிக்கப்படும் மிகையளவு அழுத்தம் 4,150 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்குக்கும் மேல். உறை கிழிந்தால் இவ்வழுத்தமுள்ள வாயு பின்னோக்கிப் பாய வழி உண்டாகின்றது. சுடுபவரின் கண் அப்போது அவ்விடத்திலிருந்து ஒரு சாண் தொலைவிலேயே இருக்கும்.

இவ்விடைவெளியைச் சோதிக்கக் கேஜ் எனப்படும் துல்லியமான எஃகுக் கட்டைகள் பயன்படுகின்றன. .308 வின்செஸ்டருக்கான அளவுகள் பின்வருமாறு:

கோ கேஜ் - 1.630 அங்குலம் (41.40 மில்லிமீட்டர்). இதன்மேல் போல்ட் முழுமையாகப் பூட்ட வேண்டும்.

நோ-கோ கேஜ் - 1.634 அங்குலம் (41.50 மில்லிமீட்டர்). புதிய குழலில் இதன்மேல் போல்ட் பூட்டக் கூடாது.

ஃபீல்டு கேஜ் - 1.638 அங்குலம் (41.61 மில்லிமீட்டர்). பழைய ரைபிளாயினும் இதன்மேல் போல்ட் பூட்டினால் அதனைச் சுடக் கூடாது.

முதலிரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர் ஆகும்.

குழல் பொருத்தும் அமைப்புகள்

வீட்டில் குழல் மாற்ற இயலுமா என்பதை ரைபிளின் வடிவமைப்பே முடிவுசெய்கின்றது.

தோள் அமைப்பு: மவுசர், ரெமிங்டன் 700 போன்றவற்றில் குழலின் தோள்பகுதி ரிசீவரில் முட்டும் வரை திருகப்படுகின்றது. எனவே தோட்டா அறையின் ஆழம் அந்தத் தனி ரைபிளுக்கென்றே கடைசல் இயந்திரத்தில் வெட்டப்பட வேண்டும். இது மரபாகத் துப்பாக்கிக் கம்மியரின் பணியாகும்.

நட்டு அமைப்பு: நிக்கோலசு பிரூவர் வடிவமைத்து 1958இல் வெளியான சாவேஜ் 110 ரைபிளில், குழலைப் பிடித்து நிறுத்த ஒரு நட்டு அமைக்கப்பட்டது. கேஜைத் தோட்டா அறையில் வைத்து, போல்ட்டைப் பூட்டி, குழல் கேஜைத் தொடும் வரை திருகி, பின் நட்டை இறுக்கினால் ஹெட்ஸ்பேஸ் அமைந்துவிடும். தொழிற்சாலையில் உற்பத்திச் செலவைக் குறைத்த இவ்வமைப்பு, கடைசல் இயந்திரம் இல்லாதவரும் குழல் மாற்ற வழிசெய்தது. அறை வெட்டப்பட்ட ஆயத்தக் குழல்கள் விற்பனைக்கு வரவும் இதுவே காரணமாயிற்று.

குழல் நீட்சி அமைப்பு: ஏஆர்-15 வகையில், போல்ட் பூட்டிக்கொள்ளும் பற்கள் குழலுடனேயே இணைந்த எஃகு நீட்சியில் உள்ளன. ஹெட்ஸ்பேஸ் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுவிடும். எனினும் பழைய போல்ட்டையும் புதிய குழலையும் சேர்க்கும்போது கேஜ் கொண்டு சோதிப்பது தேவையாகும்.

விரைந்து கழற்றும் அமைப்பு: ஆசுத்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி, செருமனியின் பிளேசர் ஆர்93 போன்றவற்றில் பயனரே குழலை மாற்றும்படி தொடக்கத்திலேயே வடிவமைக்கப்பட்டுள்ளது.

லீ-என்ஃபீல்டு எண் 4 ரைபிளில் வேறொரு வழி கையாளப்பட்டது. 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்ட, வெவ்வேறு நீளமுடைய போல்ட் தலைகளில் பொருத்தமானதைத் தேர்ந்து ஹெட்ஸ்பேஸ் சரிசெய்யப்பட்டது.

வீட்டில் மாற்றக் கற்றல்

புதிதாகக் கற்போர் பொதுவாக நட்டு அமைப்புள்ள ரைபிளிலேயே தொடங்குகின்றனர். குழலைப் பிடிக்கும் வைஸ், ரிசீவரைப் பிடிக்கும் தாங்கி, நட்டுக்குரிய ஸ்பேனர், முறுக்குவிசையைக் காட்டும் ஸ்பேனர், அந்தத் தோட்டா வகைக்கான கேஜ்கள் ஆகியவை தேவைப்படும். கருவிகளின் மொத்த விலை ஒருமுறை கம்மியருக்குக் கொடுக்கும் கூலியை விடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே பல குழல்களைத் தேய்ப்பவருக்கே இது சிக்கனமாகும்.

பணியின் முதற்படி, அறையிலும் தோட்டாப் பெட்டியிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்கள் அனைத்தையும் அவ்வறையிலிருந்தே அகற்றுவதாகும். பல ஆண்டுகளாக இறுகியிருந்த பழைய குழலைக் கழற்றுகையில், ரிசீவரைத் தவறான இடத்தில் பிடித்து முறுக்கினால் அது திருகிக் கெட்டுவிடும். குழல் தேய்பொருள், ரிசீவர் தேய்பொருள் அன்று என்பதைக் கற்போர் முதலில் உணர வேண்டியுள்ளது.

ஹெட்ஸ்பேஸ் அமைப்பதில் தொடக்கநிலையாளர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைகளே. மரையிலோ போல்ட்டின் பற்கள் அமரும் இடத்திலோ சிறு உலோகத் துகள் கிடந்தாலும் அளவு பொய்க்கும். போல்ட்டிலுள்ள உறை வெளித்தள்ளியையும் உறையிழுப்பியையும் கழற்றாமல் சோதித்தால், வில்லின் எதிர்ப்பைக் கேஜின் எதிர்ப்பு எனத் தவறாகக் கொள்ள நேரும். போல்ட்டைப் பலமாக அழுத்திப் பூட்டினால் நோ-கோ கேஜின் மீதும் அது பூட்டிக்கொள்ளக் கூடும்; எனவே விரல் நுனியின் விசையே போதுமானது. கேஜுக்குப் பதிலாகச் சுடப்பட்ட பழைய உறையைப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கதன்று. ஏனெனில் அவ்வுறை பழைய அறையின் வடிவத்திற்கு விரிந்திருக்கும். நட்டை இறுக்கும்போது குழல் சிறிது நகரக் கூடுமாதலால், இறுக்கிய பின்பும் இரு கேஜ்களாலும் மீண்டும் சோதிக்கப்படுகின்றது.

இதன்பின் ரைபிள் சுடுதளத்தில், ஒரு தாங்கியில் கட்டப்பட்டு, தொலைவிலிருந்து கயிற்றால் விசை இழுத்துச் சுடப்படுகின்றது. சுடப்பட்ட உறைகள் கூர்ந்து ஆராயப்படுகின்றன. உறையின் அடிப்பகுதியை ஒட்டிப் பளபளப்பான வளையம் தெரிவது, உறை நீண்டு கிழியத் தொடங்கியதன் அறிகுறியாகும்.

விபத்துகளும் வரம்புகளும்

புதிய குழல் பழைய ரிசீவரின் குறைகளை நீக்காது. ஐக்கிய அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் சில 1917இல் வெடித்துச் சிதறின. ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடாக்கப்பட்டு நொறுங்கும் தன்மை பெற்றிருந்தமை இதற்கொரு காரணமாகும். எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே தொழிலாளர் வெப்பத்தை மதிப்பிட்டனர்; வெயில் மிகுந்த பொழுதில் அம்மதிப்பீடு பிழைத்தது. ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் 800,000க்குக் குறைந்த வரிசை எண் கொண்ட ரிசீவர்களுக்குப் புதிய குழல் பொருத்துவது தவிர்க்கத்தக்கது எனக் கருதப்படுவது இதனாலேயே ஆகும். சூலியன் ஹாட்சர் 1947இல் வெளியிட்ட நூல் இவ்விபத்துகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

வேறு தோட்டா வகைக்கு மாற்றும்போதும் இடர் உண்டு. 2011இல் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் தோட்டா, 5.56 மில்லிமீட்டர் ரைபிளின் தோட்டாப் பெட்டியையும் போல்ட்டையும் அப்படியே பயன்படுத்துவது; குழல் மட்டுமே வேறு. 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதன் குண்டு 5.56 குழலில் தவறுதலாக ஏற்றப்பட்டுச் சுடப்பட்டு, ரைபிள்கள் சிதறியுள்ளன. குழலின் மீது தோட்டா வகையைப் பொறிப்பதும், இருவகைத் தோட்டாக்களையும் ஒரே மேசையில் வைக்காதிருப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ரிசீவரே துப்பாக்கியாகக் கருதப்படுகின்றது. எனவே கூட்டரசுச் சட்டத்தில் குழல் ஓர் உதிரிப்பாகமே. அதனை வாங்கி வீட்டில் பொருத்தத் தனி உரிமம் தேவையில்லை. எனினும் 16 அங்குலத்திற்குக் குறைந்த குழலை ரைபிளில் பொருத்துவது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது.

ஐக்கிய இராச்சியத்தில் குழல் தானே உரிமம் தேவைப்படும் உறுப்பாகும். குழல் மாற்றப்பட்ட துப்பாக்கியை விற்கும் முன், இலண்டன் அல்லது பர்மிங்காமிலுள்ள சோதனை நிலையத்தில் மிகையழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரை பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் குழல் இன்றியமையா உறுப்பாகக் கட்டுப்படுத்தப்படுகின்றது.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பாகங்களையும் துப்பாக்கி என்னும் வரையறைக்குள் அடக்குகின்றது. துப்பாக்கியை உற்பத்தி செய்யவும் மாற்றவும் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் தனி உரிமம் வேண்டும் என அதன் 5ஆம் பிரிவு கூறுகின்றது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் பெற்றவராயினும், குழலை வீட்டில் தாமே மாற்ற அவ்வுரிமம் இடந்தராது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும்.